பதினோராம் ஷரத்து

பிளாஸ்டிக் கூரை போட்ட மாதம்மாளின் பாலிஹவுஸில் அன்று கவாத்தின் கடைசி நாள். பதினாலாயிரம் ரோஜாச் செடிகளையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி நிறுத்திவிட்டால், அறுபத்தைந்து எழுபது நாளில் புதுக் கிளை விட்டு மொட்டு வைத்து, பிப்ரவரி பதினாலுக்கு முந்தின வாரம் பெட்டி பெட்டியாகப் பெங்களூர் போய் விமானம் ஏறும். மற்ற பதினோரு மாதமும் செடிக்குச் சோறு போடுவது அந்த ஒரு வாரத்துக்காகத்தான். பாகலூர் பக்கம் ரோஜா போட்டிருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ இதையேதான் சொல்வார்கள்.

பகல் பதினொரு மணிக்கு ப்ரீதாவின் ஸ்கூட்டி வந்து நின்றது. செடி கொடுத்த கம்பெனியின் ஃபீல்டு ஆபீசர் அவள். ஊத்தங்கரைப் பெண், ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள். எப்போது வந்தாலும் ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வேலையைப் பேசுவாள். அன்றைக்கு மோர் கேட்கவில்லை. மாதம்மாளைத் தனியாகக் குளிர் அறைப் பக்கம் கூட்டிப்போய் போனை நீட்டினாள். மாதம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

நீலச் சுவர். அதன் முன்னால் இடுப்பளவு ரோஜாச் செடி, அதில் மூன்று பூ, பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற சத்யப்ரியா. பாலிஹவுஸில் வேலை பார்க்கிற செல்லியின் மகள். பெண் ஆசையாகத் தன் ஸ்டேட்டஸில் போட, அவளோடு ஃபேக்டரியில் வேலை பார்ப்பவள் அதை எடுத்து இன்ஸ்டாகிராமில் போட, அது எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் கம்பெனியின் பெங்களூர் ஆபீஸ் மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டது.

இது வேறு பூ என்று மழுப்பவும் வழியில்லை. கருஞ்சிவப்பு இதழ், ஒவ்வொன்றின் நடுவிலும் நெட்டுக்கு ஒரு வெள்ளைக் கோடு. கம்பெனி வைத்த வெளிநாட்டுப் பெயர் ஊர் வாயில் நுழையாமல் அது நாமக்கார ரோஜா ஆகிவிட்டது. கடைசியில் யாருக்கு நாமம் போடுகிறதென்று பார்ப்போம் என்று, நட்ட அன்றே மாதம்மாளின் புருஷன் திம்மராயன் கேலி பண்ணினார். சுற்றுவட்டாரத்தில் அந்த ரகத்துக்கு உரிமம் வாங்கியவள் மாதம்மாள் ஒருத்திதான். ஆகவே செடி யாருடையது என்று கண்டுபிடிக்க ஜோசியம் வேண்டியதில்லை.

உரிமம் என்றால் சும்மாவா? பதினாறு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். நிலம் அவள் பேரில் இருந்ததால் கையெழுத்தும் அவளுடையது. விற்காதே, கொடுக்காதே, குச்சியை வெட்டிப் போத்து நடாதே, நிலத்தைக் கூறு போடாதே என்று, புது மருமகளுக்கு மாமியார் போடுகிற சட்டத்தைவிட நீளம். பாகலூர் பத்திர எழுத்தர் கோவிந்தன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நாலாவது பக்கத்திலேயே அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

அந்தப் பதினாறு பக்கத்தில் பதினோராவது ஷரத்தை இப்போது ப்ரீதா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். உரிம நிலத்துக்கு வெளியே இந்த ரகத்தில் ஒரே ஒரு செடி இருந்தாலும், அதை உரிமதாரர் கொடுத்ததாகத்தான் அர்த்தம். கொடுத்தாலும், எடுக்க விட்டாலும், எடுப்பதைக் கண்டும் காணாமல் இருந்தாலும் கம்பெனிக்கு ஒன்றேதான். உரிமம் ரத்து. பதினாலாயிரம் செடியையும் வேரோடு பிடுங்கி, கம்பெனி ஆள் கண் முன்னால் எரிக்கவேண்டும். தப்பிக்க இருக்கிற ஒரே வழி, திருடியது இன்னார் என்று பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போலீசில் புகார் கொடுப்பது.

"நாலு மணிக்குள்ள நான் ரிப்போர்ட்டை ஏத்தணும் ஆன்ட்டி. இல்லைன்னா நாளைக்குக் காலையில ஆளுங்க வந்துடுவாங்க. பேரை எழுதிக் குடுத்துடுங்க. அவங்க எடுத்ததை நீங்க பாக்கலை இல்ல?"

 மாதம்மாள் உள்ளதைச் சொன்னாள்.

"பாக்கலை. திரும்பி நின்னுட்டேன்."

எதற்குத் திரும்பி நின்றீர்கள் என்று ப்ரீதா கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

பாகலூர் பக்கத்தில் செடியைக் கேட்டு வாங்கி வைத்தால் துளிர்க்காது. திருடி வைத்ததுதான் தழைக்கும். கறிவேப்பிலைக் கன்றானாலும் சரி, மல்லிகைக் கொடியானாலும் சரி, இதுதான் நடைமுறை. அதற்காக நிஜமாகத் திருடவும் மாட்டார்கள், அது என்ன நியாயமோ! வேண்டும் என்கிறவள் செடிக்காரியின் காதில் விழுகிற மாதிரி ஒரு வார்த்தை போட்டு வைப்பாள். செடிக்காரி எனக்கென்ன தெரியும் என்று முதுகைக் காட்டி நிற்பாள். ஒடித்தவள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். நன்றி சொன்னாலும் செடி பட்டுப்போகும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் வெட்டிப் போட்ட குச்சிகளைக் குவித்துக்கொண்டிருந்த செல்லி, ஒன்பது வருஷமாக லட்சம் பூ அறுத்தாயிற்று, ஒரு பூ என் வாசலில் பூக்கவில்லை என்று செடிகளிடம் சொல்வதுபோலச் சொன்னாள். மாதம்மாள் ஒன்றும் பேசாமல் திரும்பி நின்று, ஒழுகாத சொட்டுநீர்க் குழாயில் ஒழுகல் தேட ஆரம்பித்தாள். நடந்தது இவ்வளவுதான். இது கொடுத்ததா, கொடுக்காததா? நம் ஊரில் யாரைக் கேட்டாலும் கொடுக்காதது என்பார்கள்.

ப்ரீதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மாவும் இப்பிடித்தான் செடி வெப்பாங்க ஆன்ட்டி. ஆனா இதுக்குத்தான் கம்பெனிக்காரன் கண்டும் காணாமல்னு எழுதி வெச்சிருக்கான். என்கிட்ட சொன்ன மாதிரி வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பெயர் எழுதினால் செல்லிக்கு என்ன ஆகும் என்பதையும் அவள் மறைக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் வரும், ஸ்டேஷனுக்கு அலைய வேண்டிவரும். அதைவிடப் பெரியது, கம்பெனியின் எந்தச் செடி இருக்கிற பாலிஹவுஸிலும் அவள் இனிமேல் கால் வைக்க முடியாது. பாகலூர் சுற்றில் முக்கால்வாசிப் பாலிஹவுஸில் இருப்பது அந்தக் கம்பெனிச் செடிதான். நாற்பத்திரண்டு வயதில், ரோஜா தவிர வேறு வேலை தெரியாத ஒருத்தி எங்கே போவாள்?

திம்மராயனுக்குக் கோபம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவார். அன்றைக்கு விஷயத்தைக் கேட்டதும் முதல் வார்த்தையே தெலுங்கில்தான் வந்தது. பெயரை எழுது என்றார். செடி போனால் கடன் கொடுத்த பேங்க்காரன் வாசலில் வந்து நிற்பான், நிலத்தை ஏலத்துக்கு விடுவான். செல்லி போனால் இன்னொரு வேலைக்குப் போவாள். தலைக்கு மேலே வெள்ளம் வரும்போது பக்கத்தில் இருப்பவள் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாயா என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். பயந்தவன் கெட்டவனைவிட வேகமாகப் பேசுவான்.

மணி இரண்டரை. செடி நிற்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்று ப்ரீதா கிளம்ப, மாதம்மாளும் கூடவே போனாள். பாலிஹவுஸுக்குக் கிழக்கே வரப்பைத் தாண்டினால் அந்த நீல வீடு. ஐந்து வருஷத்துக்கு முன் செல்லி இருந்த வாடகை வீட்டைத் திடுதிப்பென்று காலி பண்ணச் சொன்னபோது, மாதம்மாளே கயிறு பிடித்து மூன்று சென்ட் அளந்து விட்டாள். கட்டிக்கொள், பத்திரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். செல்லியின் புருஷன் முனிவேல் கொத்தனார். ஊரார் வீட்டை எல்லாம் பகலில் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகத் தன் வீட்டைக் கட்டினான். அந்தப் பத்திரம் அப்புறம் அப்புறம் என்று இழுத்தடித்து, ஒருவழியாக வருகிற தை மாதத்துக்கு நாள் குறித்தாயிற்று. சத்யப்ரியாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன சாமல்பட்டிக்காரர்கள், வீடு சொந்தமா என்று கேட்டிருந்தார்கள்.

செல்லி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த சத்யப்ரியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ப்ரீதாதான் விஷயத்தைச் சொன்னாள். மாதம்மாள் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது. மருந்து இல்லை, கொட்டகை இல்லை, பாத்திரம் கழுவின தண்ணீரில் பூ ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்குப் பூத்திருந்தது.

படத்தைப் போட்டது நான்தானே என்று சத்யப்ரியா அழ ஆரம்பித்தாள். செல்லி அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"என் பேரையே எழுதுங்கக்கா. திருடினதுதானே. நீங்க பாக்கவே இல்லியே."

குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். ப்ரீதா புகார்ப் படிவத்தை எடுத்துக் கட்டில்மேல் விரித்து, பேனாவை மாதம்மாளிடம் கொடுத்தாள். எடுத்தவர் பெயர் என்று ஒரு கோடு. மாதம்மாள் குனிந்து 'செ' என்று எழுதினாள். அடுத்த எழுத்து வரவில்லை.  ஒன்பது வருஷம் கூட நின்று, கூடச் சாப்பிட்டு, தன் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் பத்து நாள் கூடவே படுத்துப் பார்த்துக்கொண்டவளைத் திருடி என்று எழுத எந்தக் கைக்குத்தான் வரும்? எழுதாவிட்டால் பதினாலாயிரம் செடி. நிமிர்ந்தால் வரப்புக்கு அந்தப்பக்கம் பாலிஹவுஸின் வெள்ளைக் கூரை தெரிந்தது. 

பார்வையைத் தாழ்த்தியபோது வீட்டுக்குப் பின்னால், வேலி ஓரத்தில், எல்லையைக் காட்டும் சர்வேக் கல் கண்ணில் பட்டது. சட்டென்று ஒரு நினைப்பு ஓடியது. பேங்க்காரர் வந்து அளந்தபோதும், மானியத்துக்கு வந்து அளந்தபோதும் சங்கிலி அந்தக் கல் வரைக்கும் போயிற்று.

"ஏம்மா, உரிம நிலம்னு என்ன போட்டிருக்குது? படி."

ப்ரீதா போனில் தேடிப் படித்தாள். சர்வே எண் இருநூற்றுப் பதினாலு பார் இரண்டு, மொத்தம் ஒரு ஏக்கர் அறுபத்தைந்து சென்ட். பாலிஹவுஸ் என்ற வார்த்தையே அந்த இடத்தில் இல்லை.

"அப்போ இந்தச் செடி வெளிய இல்லம்மா. உள்ளதான் நிக்குது. இந்த வீடு இருக்கறதும் என் நெலந்தான்!"

போன உயிர் திரும்பி வந்த மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னாள் மாதம்மாள். கூட யாரும் சிரிக்கவில்லை. சத்யப்ரியா அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். செல்லி செடியைப் பார்த்தாள். அப்போதுதான் மாதம்மாளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது. ஐந்து வருஷமாக அந்த மூன்று சென்டை அவள் என் நிலம் என்று சொன்னதில்லை. நினைத்ததும் இல்லை.

ப்ரீதாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்கு ஒரு வேலை, ஒரு கெடு, இப்போது ஒரு வழியும் கிடைத்துவிட்டது. மளமளவென்று பேசினாள். உரிம நிலத்துக்குள் இருந்தால் அது கணக்கில் விட்டுப்போன செடி, அவ்வளவுதான். எண்பது ரூபாய் ராயல்டி கட்டினால் முடிந்தது. ஆனால் கம்பெனி வக்கீல் சும்மா விடமாட்டார், அந்த வீடு இன்னொருத்தர் கையில் இருக்கிறதே என்று கேட்பார். அதனால் குடியிருப்பவர் ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும். அதைப் படம் எடுத்து ரிப்போர்ட்டோடு ஏற்றிவிட்டால் யாரும் எதுவும் செய்ய முடியாது. கடிதத்தை அவளே ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாள்.

சத்யப்ரியா அதை வாங்கி உரக்கப் படித்தாள். மேற்படி நிலத்தில் உள்ள வீட்டில் நில உரிமையாளரின் அனுமதியின் பேரில், அவரிடம் வேலை செய்யும் காலம் வரை குடியிருந்து வருகிறேன். இந்த இடத்தின் மீதோ வீட்டின் மீதோ எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் இல்லை. வாரிசு என்ற வார்த்தையில் அவள் குரல் உடைந்தது.

"பெரிம்மா, நீங்க கயிறு புடிச்சி அளந்து குடுத்த எடந்தானே இது? தையில எழுதித் தரேன்னீங்களே?"

மாதம்மாள் ப்ரீதாவைப் பார்த்தாள். இந்தக் கடிதம் போனபிறகும் தை மாதம் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டாள். ப்ரீதா உதட்டைக் கடித்துக்கொண்டு ஏழாம் ஷரத்தை எடுத்தாள். உரிமக் காலம் முடியும் வரை அந்த நிலத்தில் ஒரு சென்டைக்கூடப் பிரித்து யாருக்கும் எழுதக்கூடாது. பத்து வருஷ உரிமத்தில் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

கோவிந்தன் சொல்லச் சொல்லக் கொட்டாவி விட்டது இந்த இடத்தில்தானோ என்னவோ! தை மாதத்துக்கு நாள் குறித்தபோது ஒருத்தருக்கும் இது நினைவில் இல்லை. வாய்வார்த்தை கொடுத்தவளுக்கும் இல்லை, முத்திரைத்தாள் வாங்கி வைத்திருந்த கோவிந்தனுக்கும் இல்லை.

"ஏழு வருசம்தான் கண்ணு. முடிஞ்ச மறுநாளே எழுதிக் குடுத்துடறேன். என் வாக்கு மாறுமா?"

"மாறாதுன்னா, இதுல எதுக்கு எங்கம்மா கையெழுத்துப் போடணும்?"

 அந்தக் கேள்விக்குப் பதினாறு பக்கத்திலும் பதில் இருந்திருக்காது. மணி மூன்றேகால். அப்பா வந்துவிடட்டும் என்று சத்யப்ரியா சொன்னாள். முனிவேல் அத்திப்பள்ளியில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான், போனை எடுக்கவில்லை. ப்ரீதா நேரத்தைப் பார்ப்பதும் செல்லியைப் பார்ப்பதுமாக இருந்தாள். வேண்டாம், கிழித்துப் போடு, செடி போனால் போகட்டும் என்று மாதம்மாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது தொண்டை வரைக்கும் வந்தது என்றுதான் பிற்பாடு அவள் தன் மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். தொண்டை வரைக்கும் வந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு? சொல்லவில்லை. பேங்க், பிப்ரவரி, வெள்ளைக் கூரை, இவைதான் அவள் கண்ணில் நின்றன.

செல்லி மகளின் கையிலிருந்து தாளை வாங்கினாள். எங்கே போடவேண்டும் என்று ப்ரீதாவிடம் கேட்டாள். முதியோர் பள்ளியில் கற்றுக்கொண்ட மூன்று எழுத்தையும், ஒவ்வொன்றாக, அழுத்தி எழுதினாள்.

மூன்று நாற்பதுக்கு ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது. ஐந்து மணிக்கு ப்ரீதா போன் பண்ணி, ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னாள். திம்மராயன் பெண்டாட்டியைக் கெட்டிக்காரி என்று தமிழிலேயே புகழ்ந்தார். ஒரு சூட்சுமத்தில் எல்லாரும் தப்பித்தோம், செல்லிக்கும் வேலை போகவில்லை, வீட்டை விட்டு யாரும் துரத்தவில்லை, ஒரு தாள்தானே என்றார். மாதம்மாளும் அதையேதான் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒரு தாள்தான். சோறு மட்டும் இறங்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் செல்லி வந்தாள். ஒரு நாளாவது வரமாட்டாள், இரண்டு வார்த்தை திட்டுவாள் என்று மாதம்மாள் எதிர்பார்த்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. செல்லி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெட்டிப் போட்ட குச்சிகளை மற்றப் பெண்களோடு அள்ள ஆரம்பித்தாள். மாதம்மாள் டீ டம்ளரோடு அவளிடம் போனாள். ஏழு வருஷத்தைப் பற்றி, கோவிந்தனிடம் வேறு ஏதாவது வழி கேட்கப்போவதைப் பற்றி, இரவெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்லவேண்டும் என்று இருந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் செல்லி குச்சிக்கட்டைக் கீழே வைத்தாள். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள்.

"ஓனரம்மா, வீட்டுக்குப் பின்னாடி ஒரு பாத்ரூம் கட்டறதுக்கு அவரு செங்கல் எறக்கி வெச்சிருக்காரு. கட்டிக்கலாமுங்களா, வேண்டாமுங்களா?"

கட்டிக்கொள் என்றால் மாதம்மாள் அனுமதி கொடுத்தவள் ஆவாள். என்னை எதற்குக் கேட்கிறாய் என்று சொல்ல இனி அவளுக்கு வாயில்லை. டீ டம்ளரை நீட்டினபடி நின்றாள். செல்லி அதை வாங்கவில்லை. பதில் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.